எட்டு டம்ளரும் ஒரு மூக்கும்

வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை முழுக்க வீட்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டு கழுவிக்கொண்டிருந்தவள், குழாயைக்கூட மூடாமல் ஈரக் கையோடு வந்து புருஷன் தலைமாட்டில் நின்றாள்.

"என்னங்க, எந்திரிங்க."

"எந்த மாடி?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாளும் யாராவது ரெண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துவார்கள், இவர் போய் வெளியே எடுத்துவிடுவார். ஞாயிறு ஒருநாள்தான் முதுகை நீட்டிப் படுக்கிறது. அதிலும் இப்படி எழுப்பினால் மனுஷன் வேறென்ன கேட்பார்?

"மாடியும் இல்ல, மண்ணும் இல்ல. டீ போடணும். எட்டு டீ."

"யாரு வராங்க?"

"யாரும் வரல. நான் கண்ணைக் கட்டிக்கிறேன். நீங்க என் டப்பாவில எட்டு எடுத்து, எது எதுன்னு சொல்லாம குடுக்கணும். நான் சொல்லணும்."

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். விளையாட்டா என்று பார்த்தார் போல. அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

அவள் வேலை செய்வது ஒரு டீக் கம்பெனியில். வேலை என்னவென்றால், டீ குடிப்பது. இப்படிச் சொன்னால் கேட்கிற எல்லோரும் சிரிப்பார்கள், "எங்களுக்கும் ஒரு வேலை பார்த்துக் குடும்மா" என்பார்கள். உண்மையில் குடிப்பதுகூட இல்லை. கரண்டியில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கிலும் மூக்கிலும் ஒரு சுற்று சுற்றவிட்டு, துப்பிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது கிண்ணம். மூட்டை மூட்டையாக வருகிற தேயிலை நல்லதா, கெட்டதா, பழசா, எதோடு எதைக் கலந்தால் கடையில் விற்கிற அந்தப் பழைய ருசி மாறாமல் வரும் என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. அதில் கடைசி எட்டு வருஷம் அவள்தான் தலைமை. அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு லாட், அதாவது ஒரு தடவையில் வந்த மொத்தச் சரக்கு, பொட்டலமாகும்.

அந்தக் கையெழுத்துதான் இப்போது அவளைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. எழுந்தபோது மூக்கு சுத்தமாக அடைத்திருந்தது. டாக்டர், "வந்துடும், கொஞ்ச நாள் ஆகும்" என்றார். வந்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள். வேலைக்குப் போனாள். கிண்ணத்து நிறம் பார்த்தாள், வெந்த இலையைக் கிளறிப் பார்த்தாள், நாக்கில் துவர்ப்பு பார்த்தாள். பத்தொன்பது வருஷப் பழக்கம், கண்ணே பாதி சொல்லிவிடும். நாலு லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். முதல் மூன்றில் ஒன்றும் பிரச்சினை இல்லை. எதிர்மேஜைக்காரியும் அதே முடிவுதான் சொன்னாள்.

எதிர்மேஜைக்காரி என்பது ரெண்டாவது ருசி பார்க்கிறவள். இவள் வயதுதான். வேறு கம்பெனியிலிருந்து வந்து நாலு வருஷமாகிறது. அதிகம் பேச மாட்டாள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ரெண்டாவது ஆள் தன் கருத்தை அட்டையில் பென்சிலால் எழுத வேண்டும், தலைமை ஆள் அதன் மேல் பேனாவால் எழுதி முடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பதினேழாம் லாட் வந்தது. பெரிய லாட், முந்நூறு மூட்டை. எதிர்மேஜைக்காரி ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஈரச் சாக்கு வாடை வருது."

"எங்க வருது?"

"துப்பினதுக்கு அப்புறம், மூக்குக்குள்ள."

இவள் உறிஞ்சினாள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை உறிஞ்சினாள். ஒன்றுமே இல்லை. நிறம் தங்கம் மாதிரி இருந்தது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க நீங்க? போய் வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க" என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டாள். எதிர்மேஜைக்காரி அட்டையில் பென்சிலால் 'ஈரச் சாக்கு' என்று எழுதியிருந்தாள், அது அப்படியே அடியில் நின்றது. அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

பதினேழாம் லாட்டைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பொட்டலம் போட ஆரம்பிப்பார்கள். கலந்துவிட்டால் கலந்ததுதான். முந்நூறு மூட்டையையும் மற்ற டீயிலிருந்து திரும்பப் பிரிக்க முடியாது.

அதனால்தான் இந்த எட்டு டம்ளர்.

"அலமாரியைத் திறந்து எடுத்துக் குடுங்க" என்றதும் புருஷன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். தூக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நானே எடுக்கறேன். நீ அங்கேயே இரு."

"நானும் வரேன்."

"கண்ணைக் கட்டிக்கப் போறவ நீ. எந்த டப்பான்னு பார்த்துட்டா அப்புறம் என்ன பரீட்சை? போய்த் தண்ணியைக் கொதிக்க வை."

நியாயம்தான் என்று விட்டுவிட்டாள்.

படுக்கையறை அலமாரியில் கீழ்த்தட்டு முழுக்க அவளுடைய டப்பாக்கள். மொத்தம் நாற்பத்தொன்று. கம்பெனிக்கு வந்த மாதிரியில் மிஞ்சியது, வெளியூர் போனவர்கள் வாங்கி வந்தது, சம்பளத்தில் அவளே ஆசைப்பட்டு வாங்கியது. மற்றவர்கள் நகை சேர்ப்பார்கள், இவள் இலை சேர்த்தாள். ஒவ்வொரு டப்பாவிலும் சின்னக் காகிதம் ஒட்டி, வாங்கிய வருஷமும் ஒரு வார்த்தையும் எழுதியிருப்பாள். 'பிடிவாதம்' என்று ஒரு டப்பாவில், 'வெட்கம்' என்று இன்னொன்றில். அவளுக்கு மட்டும் புரிகிற பாஷை.

அவர் அறைக்குள் போனவர் வெகு நேரம் வரவில்லை. ஜன்னல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்ன பண்றீங்க உள்ள?"

"புழுக்கமா இருக்கு."

ஒருவழியாக எட்டு டப்பாவை ஒரு வாளியில் போட்டுத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். அவள் பொறுக்க மாட்டாமல் ஒன்றை உருவி, மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தாள்.

"ம்ம். மலை டீ. அப்படியேதான் இருக்கு, அந்தப் பூ வாசனை."

அவர் அவளையே பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. துண்டைக் கட்டு."

சமையலறை முக்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் துண்டு, மடியில் ஒரு பாத்திரம், துப்புவதற்கு. அவர் அவள் சொல்லிக்கொடுத்தபடியே சின்னத் தராசில் இலையை நிறுத்து, கொதிநீர் ஊற்றி, மூடி, ஆறு நிமிஷம் காத்திருந்து வடிகட்டினார். லிஃப்ட் கயிறு பிடித்த கை, தராசு விஷயத்தில் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு டம்ளருக்கு அடியிலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் பேர்.

முதல் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "முழுங்காதே" என்றார்.

"நான் என்னிக்கு முழுங்கினேன்?"

"சும்மா சொன்னேன். துப்பிடு."

உறிஞ்சினாள். நாக்கில் நல்ல துவர்ப்பு, ஒரு இனிப்பு. அதற்கு மேல் ஏதோ ஒரு கதவு சாத்திக் கிடக்கிற மாதிரி. ஆனால் இவ்வளவு துவர்ப்பு என்றால் அதுதானே?

"பிடிவாதம்."

கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தது. "சரி."

"நிஜமாவா?"

"சரின்னு சொன்னேன்ல. துப்பினியா?"

ரெண்டாவது டம்ளர் புகை போட்டு உலர்த்திய டீ என்று சொன்னாள். சரி. மூன்றாவதைக் கையில் வாங்கியபோதே வெளிர் நிற மொட்டு டீ என்று தோன்றியது, மொட்டு டீக்கு மட்டும் தண்ணீரை ஆறவிட்டு ஊற்றச் சொல்லியிருந்தாள், டம்ளரில் சூடு குறைவு. சரி. நாலாவது தப்பு என்றார். அந்தத் தப்பு அவளுக்கு ஒரு தெம்பைக் கொடுத்தது. எல்லாமே சரி என்றால் சந்தேகப்பட்டிருப்பாள். ஒவ்வொரு டம்ளருக்கும் "துப்பினியா, துப்பினியா" என்று அவர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. அத்தனையும் சரி.

துண்டை அவிழ்த்து வீசினாள்.

"எட்டுக்கு ஏழு! நல்ல நாள்லயே எனக்கு ஆறுதான் வரும்!" அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நாலு நடை நடந்தாள். "அப்போ பதினேழு நல்ல லாட்தான். அவளுக்குத்தான் ஏதோ. நான் வேற ரெண்டு நாளா உசுரை விட்டுட்டேன்."

"ம்" என்றார் அவர். டம்ளர்களை வேக வேகமாகத் தொட்டியில் கவிழ்க்கப் போனார்.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

நாத்தனார். அவருடைய தங்கை, ரெண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்க, செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி! என்ன வீடு இது? பழைய துணிக்கடை மாதிரி பாச்சா உருண்டை நாத்தம் நாறுது!"

"என்ன நாத்தம்?"

"பாச்சா உருண்டை, அண்ணி. பூச்சிக்குப் போடுறது. தெருமுனையிலயே வருது, உங்களுக்கு வரலையா?" உள்ளே வந்தவள் ஒரு டம்ளரை எடுத்து முகத்தருகே கொண்டுபோய், ஏதோ சுட்டதுபோல் கீழே வைத்தாள். "கர்மம்! இதிலதான் வருது. இதையா குடிச்சீங்க? அண்ணே, என்ன இது?"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ரெண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி நின்றார் அவர்.

அவள் டம்ளரைத் தூக்கி மூக்கில் வைத்து இழுத்தாள். அடுத்ததை இழுத்தாள். வாளியிலிருந்த டப்பா ஒவ்வொன்றாகத் திறந்து இழுத்தாள். பச்சைத் தண்ணீரை முகர்ந்தால் என்ன வருமோ அதுதான் வந்தது.

"நீ காய்ச்சல்ல படுத்திருந்தப்போ" என்று ஆரம்பித்தார் அவர், "அலமாரியில பூச்சி. உன் காகிதத்தையெல்லாம் அரிச்சிட்டு இருந்துச்சு. சரி, இவளுக்கு ஒரு உதவி பண்ணுவோம்னு ஒரு பாக்கெட் உருண்டை வாங்கி, ஒவ்வொரு டப்பாவுக்குப் பக்கத்திலயும் ஒண்ணு..."

"டீ இலைக்குப் பக்கத்தில?"

"டப்பா மூடித்தானே இருக்குன்னு நினைச்சேன்."

"பத்தொன்பது வருஷம் ஒரு டீக்காரிகூடக் குடும்பம் நடத்தறீங்க! பக்கத்தில என்ன வாடை இருந்தாலும் டீ இழுத்துக்கும்னு நூறு தடவை சொல்லியிருக்கேன்!"

"வெங்காயம் வைக்காதேன்னு சொன்னே. உருண்டையைப் பத்தி நீ சொல்லல."

நாத்தனார் சிரிக்கப் போய், அண்ணி முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"இன்னிக்குக் கதவைத் திறந்ததும் குப்புனு அடிச்சது. உருண்டையெல்லாம் அள்ளிக் குப்பையில போட்டேன். இன்னிக்கு நம்ம தொலைஞ்சோம்னு நினைச்சுட்டுத்தான் வந்தேன். நீ மூக்கை உள்ள விட்டு, பூ வாசனைங்கற. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என்னத்தைச் சொல்வேன்?"

"அதான் துப்பு துப்புன்னீங்களா?"

"விஷம்ல அது. தடுக்கவும் தெரியல, சொல்லவும் வாய் வரல. தப்புதான்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். "எட்டுல எத்தனை சரி? நிஜத்தைச் சொல்லுங்க."

"விடு இப்போ."

"எத்தனை?"

"ஒண்ணு" என்றார். "அந்த மூணாவது."

டம்ளர் சூட்டை வைத்து ஊகித்தது. மூக்கும் இல்லை, நாக்கும் இல்லை.

நாத்தனார் மெல்ல வந்து அவள் தோளைப் பிடித்தாள். "டாக்டர்தான் வந்துடும்னு சொன்னாரே அண்ணி. எங்க கடைக்கு வர்ற அம்மா ஒருத்தருக்கு ஏழு மாசம் கழிச்சு வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. சமாளிச்சுட்டுப் போங்க. உங்க மூக்கைத் திறந்து பார்க்கவா போறாங்க?"

உண்மைதான். யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். இத்தனை நாள் சமாளித்தது போல் இன்னும் சமாளிக்கலாம். நிறம் இருக்கிறது, இலை இருக்கிறது, எதிர்மேஜைக்காரி முகம் இருக்கிறது. கூடத்தை மூன்று சுற்று சுற்றினாள். ஜன்னலைச் சாத்தினாள், ஏன் சாத்தினோம் என்று திறந்தாள். சுவரில் மணி நாலே முக்கால்.

ஈரச் சாக்கு வாடை என்றால் எங்கோ மூட்டை நனைந்திருக்கிறது. நனைந்திருந்தால் பூஞ்சை. பூஞ்சை என்றால், எத்தனை வீட்டு அடுப்பில் எத்தனை காலை? அதுவும் அவள் கையெழுத்தில்.

ஃபோனை எடுத்தாள். நாத்தனார், "அண்ணி, யோசிச்சுக்கோங்க" என்றாள். புருஷன் ஃபேனை நிறுத்தினார், அவளுக்குக் கேட்கட்டும் என்று.

ஆறாவது தடவை மணி அடித்தபோது மேனேஜர் எடுத்தார். பின்னால் டிவியில் ஏதோ விளையாட்டுச் சத்தம்.

"சார், பதினேழாம் லாட்டை நாளைக்குப் பொட்டலம் போடாதீங்க."

"ஏன்? நீங்கதானே பாஸ் பண்ணீங்க?"

"எனக்கு மூக்கு வேலை செய்யல சார். காய்ச்சலுக்கு அப்புறம்."

டிவிச் சத்தம் நின்றது.

"இதை வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாமே?"

"வெள்ளிக்கிழமை எனக்கே தெரியாது சார்."

"தெரியாதா, தெரிஞ்சுக்க மனசு வரலையா?"

"ரெண்டும்தான்" என்றாள்.

"இருபத்தஞ்சு லட்சம் பொட்டலத்துக்கு ஆர்டர் இருக்கு. நீங்க ஃபோன்ல சொல்றதை வச்சு நான் மிஷினை நிறுத்த முடியாது. கெட்டதுன்னு யாராவது எழுதித் தரணும். நீங்க எழுதினா செல்லாது, நீங்களே சொல்லிட்டீங்க. காலையில ஏழரைக்கு என் ரூமுக்கு வாங்க." வைத்துவிட்டார்.

யாராவது என்றால் ஒரே ஒருத்திதான். அந்த நம்பரை அழுத்துவது மேனேஜரை அழைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. மூன்று தடவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள். நாலாவது தடவை நாத்தனாரே பிடுங்கி, அழுத்தி, காதில் வைத்துவிட்டாள்.

"சொல்லுங்கக்கா" என்றது அந்தக் குரல், அளந்து வைத்த மாதிரி.

சொன்னாள். காய்ச்சல், நாலு லாட், எட்டு டம்ளர், பாச்சா உருண்டை. எதையும் விடவில்லை. "வெள்ளிக்கிழமை நாலு பேர் முன்னாடி உங்களைப் பேசினது தப்பு. நீங்க எழுதினதுதான் சரியா இருக்கும். அந்த அட்டையைக் காட்டினா மேனேஜர் நிறுத்திடுவாரு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, அட்டையில ஒண்ணும் இல்ல."

"என்ன?"

"நேத்து போய் அழிச்சிட்டேன். நீங்க அவ்வளவு அடிச்சுச் சொன்னதும் எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரியெல்லாம் வீட்டில சாக்கா எடுத்து மோந்து பார்த்துட்டிருந்தேன், பைத்தியம் மாதிரி. உங்க மூக்கு தப்பாகாதுன்னு நாலு வருஷமா பார்த்துட்டுத்தானே இருக்கேன். அப்போ தப்பு என்னோடதுதான்னு..."

தன் ஒரு மூக்கு போனது போக, நல்லா இருந்த இன்னொரு மூக்கையும் சேர்த்தல்லவா கெடுத்திருக்கிறாள்.

"இப்போ கேட்டா என்ன சொல்வீங்க? இருந்துச்சா, இல்லையா?"

"தெரியலக்கா. நிஜமா தெரியல. திரும்பக் குடிச்சாத்தான் தெரியும்."

"ருசி ரூம் சாவி என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அரைமணியில வர முடியுமா?"

"நீங்க எதுக்கு வரீங்க?"

"தண்ணி கொதிக்க வைக்க" என்றாள்.

புருஷன் அதற்குள் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றார். வழியில் ஒரு சிக்னலில், "நாற்பத்தொண்ணும் போச்சா?" என்று கேட்டார். "இப்போ அதைப் பேசாதீங்க, கடிச்சு வச்சிடுவேன்" என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டு வண்டியை விரட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ருசி ரூம் வேறு யாருடைய அறையோ போலிருந்தது. எதிர்மேஜைக்காரி வீட்டுச் செருப்போடு, ஈரத் தலையோடு வந்திருந்தாள். ரெண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. இவள் பதினேழாம் லாட்டில் ஆறு மூட்டையிலிருந்து மாதிரி எடுத்தாள், நிறுத்தாள், நீர் ஊற்றினாள், கடிகாரம் பார்த்தாள். வரிசையாக ஆறு கிண்ணம் வைத்துவிட்டு, எதிரில் நின்றால் அவள் தன் முகத்தைப் பார்த்து முடிவு சொல்லிவிடுவாள் என்று, வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள்.

நடந்தாள். அந்தத் தாழ்வாரம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருபத்திரண்டு அடி. உள்ளே உறிஞ்சுகிற சத்தம். துப்புகிற சத்தம். வாடை இல்லையென்று வந்தால் நாளைக்கு ஒரு பைத்தியக்காரி என்று பேர். இருக்கிறதென்று வந்தால் வேலையே இருக்குமோ என்னவோ. எது வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை. ஆறு கிண்ணத்துக்கு இவ்வளவு நேரமா? மறுபடியும் முதலிலிருந்து உறிஞ்சுகிறாள். மறுபடியும்.

"அக்கா."

உள்ளே போனாள். எதிர்மேஜைக்காரி ரெண்டு கிண்ணத்தைத் தனியே நகர்த்தி வைத்திருந்தாள்.

"இந்த ரெண்டிலயும் இருக்கு. மத்த நாலுல இல்ல. மூட்டையில ஒரு பகுதி நனைஞ்சிருக்கு."

"நிச்சயமா?"

"நீங்க இப்படிக் கேட்டா எனக்குத் திரும்ப சந்தேகம் வரும். கேக்காதீங்க."

"கேக்கல."

எதிர்மேஜைக்காரி அட்டையை எடுத்து எழுதினாள். பக்கத்தில் நின்று இவள் ஒரு வார்த்தை திருத்தவில்லை. எழுதி முடித்ததும் அட்டையை இவள் பக்கம் திருப்பி வைத்தாள். "மேலே உங்க கையெழுத்து இருக்கே. அதை நான் அடிக்கக் கூடாது."

அவள் பேனாவைத் திறந்தாள். பத்தொன்பது வருஷத்தில் போட்ட கையெழுத்து எதையும் அடித்ததில்லை, எப்படி அடிப்பதென்று கைக்குத் தெரியவில்லை. முதல் கோடு வளைந்து கீழே ஓடிவிட்டது. கையெழுத்து அப்படியே படிக்கிற மாதிரி நின்றது. இன்னொரு கோடு போட்டாள்.